அம்மா சொல்லாத எரிச்சல்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. இரண்டு மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்தினேன். வீட்டுக்கு வந்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து, "வரிசையில நில்லுங்க. அடுத்தது யாரு? சில்லறை வச்சிருக்கீங்களா?" என்கிறாள். பஸ் முன்பதிவு கவுண்டரிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிறது.

"அம்மா, இது நம்ம வீடும்மா."

"டிக்கெட் இல்லாதவங்க உள்ள வரக் கூடாது."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்ச் 5

புடவை நனைந்திருந்தது. மாற்றிவிட்டேன். "ரொம்ப நன்றிங்க" என்றாள், முன்பின் தெரியாதவரிடம் சொல்வது போல.

மார்ச் 8, சனி

அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அம்மா அண்ணனிடம், "எந்த ஊருக்கு?" என்று கேட்டாள். அவன் முகம் செத்துவிட்டது.

"மறதி நோய்தான். எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றான். ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறானாம்.

"நீ பகல் பூரா கடையில நிக்கிற. இவங்க பாட்டுக்கு கேஸைத் திறந்து விட்டுட்டா?" என்றாள் அண்ணி.

அவள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. தலையாட்டினேன். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது உள்ளே எல்லாம்.

மார்ச் 10

இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. நான்கு கட்டில் அறையில் ஜன்னலோரக் கட்டில் காலி. சேர்ப்பதற்கு முன் ரத்தம், சிறுநீர் பரிசோதனை செய்ய வேண்டுமாம். சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறேன்.

மார்ச் 11

அம்மாவின் துணிகளைப் பெட்டியில் வைத்தேன். எதை வைப்பது, எதை விடுவது? எல்லாவற்றையும் வைத்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பரிசோதனைக்குக் கூட்டிப்போன இடத்திலேயே நர்ஸ் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்து, "இவங்களுக்கு நல்ல காய்ச்சல் இருக்கே" என்றாள். சிறுநீர் கலங்கலாக இருந்தது. உள்ளே டாக்டரிடம் அனுப்பினார்கள். என்னைவிடச் சின்னப் பெண்.

"எரியுதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல டாக்டர்."

"தண்ணி எவ்வளவு குடிப்பாங்க?"

கடைக்கு வழக்கமாக வருகிறவர்களின் பவர் எல்லாம் எனக்கு மனப்பாடம். இதற்குப் பதில் தெரியவில்லை.

"சிறுநீர்ப் பாதையில கிருமித் தொற்று. முத்திப்போயிருக்கு. உடம்பும் வறண்டுபோயிருக்கு. வயசானவங்களுக்கு இதுலயே புத்தி தடுமாறும். மறதி நோயா இல்லையான்னு இப்ப சொல்ல முடியாது. முதல்ல இதைச் சரி பண்ணலாம்."

அங்கேயே சேர்த்தேன். கட்டி வைத்த பெட்டி ஆஸ்பத்திரிக்கு உதவியது.

மார்ச் 13

டிரிப் இறங்குகிறது. அண்ணன் போனில், "ஒன்னுக்குப் போற இடத்துல கிருமி இருந்தா தலையில எப்படி ஏறும்?" என்றான். இல்லத்தில் இடத்தை விட்டுவிடாதே என்றான்.

சரி.

மார்ச் 15

காலையில் கண் விழித்தவள், "ஏன் பாப்பா இப்படித் துரும்பா இளைச்சுக் கிடக்க?" என்று கேட்டாள்.

வராந்தாவுக்குப் போய் நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 17

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனையின் முடிவு வந்தது. மருந்தை மாற்றினார்கள். டாக்டர் போனதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"ரொம்ப நாளாவே எரிஞ்சுது. பாத்ரூம் போறதுக்குள்ள நனைஞ்சிடும். அதான் தண்ணியைக் குறைச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"இதைப் போய் எப்படிடி சொல்றது? வேலையில இருந்தப்போவும் வந்து வந்து போகும். கவுண்டரை விட்டு எழுந்தா வரிசையில நிக்கிறவன் கத்துவான். அடக்கிக்குவேன். பக்கத்து சீட்டுக்காரி மாத்திரை குடுப்பா. ரெண்டு போட்டதும் எரிச்சல் நிக்கும். மிச்சத்தை வேற யாருக்காவது குடுத்துடுவேன்."

வேலை பார்த்த காலம் முழுக்க. பக்கத்து சீட்டுக்காரிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். யாரும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 19

வீட்டுக்கு வந்துவிட்டோம். நன்றாகிவிட்டதே என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும். வந்தால் அடக்கக் கூடாது. மாதவிடாய் நின்றபின் அந்த இடம் உலர்ந்துபோவதால் தொற்று திரும்பத் திரும்ப வருமாம். அதற்கு ஒரு கிரீம். துடைக்கும்போது முன்னாலிருந்து பின்னால்.

"இத்தனை வயசுக்கு மேல எனக்குக் கழுவச் சொல்லித் தரா அந்தப் பொண்ணு" என்று அம்மாவுக்கு ஒரே கோபம். ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

மார்ச் 20

இல்லத்துக்கு போன் செய்து, வேண்டாம் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். அம்மாவே பரிமாறினாள். அண்ணன் மென்று முழுங்கி, "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றான்.

"யூரின்ல கிருமிடா. எரிச்சல் தாங்கல. வெட்கப்பட்டு மறைச்சேன், மண்டை குழம்பிப்போச்சு. இன்னும் கொஞ்சம் சாதம் போடவா?"

அண்ணனுக்குப் புரையேறியது. அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை.

பிறகு பாத்திரம் கழுவ அண்ணி என்னோடு வந்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டாள்: "அந்த டாக்டர் லேடிதானே?"

"ஆமா அண்ணி."

"எனக்கும்… ரெண்டு மாசமா. உங்க அண்ணன்கிட்டகூட சொல்லல."

குழாயை மூடினேன். "நாளைக்கு லீவு போடறேன். சேர்ந்து போலாம்" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. இத்தனை நாள் எங்கே இருந்ததோ. நிறுத்த முடியவில்லை.

அண்ணி சோப்புக் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டு முழித்தாள்.

"ஏய், எரியுறது எனக்கு. நீ எதுக்குடி அழற?"