காண்டாமிருகம் திரும்பி வரும் இடம்

ஐப்பசி 9, புதன்

ஏலத்தோட்டத்துப் பாதையில் காலையில் யானை லத்தி கிடந்தது. நாங்கள் பயந்து ஒதுங்கினோம். அசாமிலிருந்து வந்து, எங்கள் பேச்சையும் பழகிக்கொண்டு எங்களோடு காய் எடுக்கும் ரூபா மட்டும் நின்று பார்த்தாள்.

"எங்க ஊர்ல காண்டாமிருகம் ஒரே எடத்துலதான் சாணி போடும்க்கா. எங்க மேஞ்சாலும் அங்கனயே திரும்பி வரும்."

"வராமப் போனா?" என்றேன்.

"ஒண்ணு வரல. தெனம் போயிப் பாத்தோம், புதுச் சாணி இல்ல. கொம்புக்காகச் சுட்டுட்டாங்கன்னு பெறகுதான் தெரிஞ்சுச்சு. இப்ப அந்தச் சாணிக் குமியில மரம் மொளைச்சு நிக்குது."

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். போடியில் வீடு பார்த்திருக்கிறானாம், ஒழுகுற வீட்டை விட்டுவிட்டு வரச் சொல்கிறான். ஏழு வருடத்துக்கு முன்னால் கோபித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரருக்கு இந்தச் சிலமலை வீடுதான் தெரியும். கூரைத் தகரத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.