மலை உச்சியில் நான் வைத்த சாமி

புதுக்கோட்டை
17-8-1938

அண்ணன் ராசுவுக்கு, அப்பா சிவசாமி சொல்லச் சொல்லத் தங்கை சொர்ணம் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், உங்கள் சுகத்தை அறிய அப்பாவே காத்திருக்கிறார். அப்பாவே என்று எழுதியது கை தவறி அல்ல. அவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், அதற்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தையும் உண்மையாக எழுதுவேன், எதையும் மறைக்க மாட்டேன்.

அப்பா சொல்வது: தம்பி ராசு, நான் வேண்டாம்னு சொல்லியும் நீ படிக்கிறேன்னு சீமைக்குக் கப்பலேறிப் போனதுலேர்ந்து ஒன் பேர நான் வாயில எடுக்கல, ரெண்டு வருசமாச்சு. எனக்கு ஒரு கண்ணுல புரை விழுந்து ஆஸ்பத்திரியில ஆப்பரேசன் பண்ணி ரெண்டு கண்ணையும் கட்டிப் போட்டிருக்காங்க, இன்னியோட எட்டு நாளு. தலை அசையக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சிருக்காங்க. நீ என் கண்ணுக்காக வேண்டிக்கிட்டு ஒத்தையாளா ரெண்டு மலையேறி மேல இருக்கிற சாமிக்குக் கல்லு வச்ச சேதி கேட்டேன். என் கோவத்த மனசுல வச்சுக்காம நீ செஞ்சிருக்க, நானும் இனிமே வச்சுக்கல. கடலை பூத்திருக்கு, செவலைப் பசு கெடேரிக் கன்னு போட்டிருக்கு. படிப்பு முடிஞ்சா நேரா வீட்டுக்கு வா, வாசல்ல நான் நிப்பேன். குளிர்ல காத மூடிக்க.

இனி நான் எழுதுவது. அண்ணே, அந்த மலையில் சாமி இருப்பதாக நீங்கள் எழுதவே இல்லை. அதை வைத்தது நான். உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை ஆத்தா ஊரிலிருந்து மடியில் வைத்து எடுத்து வந்தாள். வீட்டில் உங்கள் கடிதத்தைப் பிரித்தாலே அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார், இங்கே எழுந்திருக்க முடியாது என்பதால் நான் வேண்டுமென்றே சத்தமாகப் படித்தேன். நீங்கள் விடியற்காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் புறப்பட்டது, சதுப்பில் பூட்ஸ் முழுக்கத் தண்ணீர் ஏறியது, பென் வோர்லிக் மலையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, எனக்குப் பெயர் சொல்ல வராத இரண்டாவது மலையின் பாறையில் கையாலும் காலாலும் தொற்றி ஏறியது, மூடுபனியில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாதது, நாள் முழுக்க ஆடுகளைத் தவிர ஒரு மனிதரையும் பார்க்காதது எல்லாம் படித்தேன். பக்கத்துக் கட்டிலில் பிச்சைமுத்து என்று கட்டுமாவடி மீன் வியாபாரி ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு கண்ணில்தான் கட்டு, வாயில் கட்டே கிடையாது. ஆடு மேய்க்கிறவனே போகாத எடத்துக்கு இந்தப் புள்ள எதுக்கும்மா போனான் என்று கேட்டார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்து, மேல என்ன சாமி இருக்கு என்றார்.

ஆத்தா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். இரண்டு வருடத்தில் உங்களைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. நம் ஊரில் மலையேறுகிறவர்கள் ஒன்று சாமிக்காக ஏறுவார்கள், இல்லாவிட்டால் விறகுக்காக ஏறுவார்கள். நீங்கள் எழுதியிருந்தது, உச்சியில் ஒன்றுமில்லை, ஏறியவர்கள் குவித்த கற்கள்தான், நானும் ஒரு கல் வைத்தேன், எதற்காக ஏறினாய் என்று கேட்டால் சும்மாதான் என்பேன், என்று. நான் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே, மேலே சாமி இருக்கிறது, வேண்டுதல் உள்ளவர்கள் கல் வைப்பார்கள், அப்பாவின் கண் நல்லபடியாக வேண்டும் என்று நானும் வைத்தேன், என்று படித்தேன். கண் மங்குவதை நான் முன்பே உங்களுக்கு எழுதியிருந்தது அப்பாவுக்குத் தெரியும், அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கல் வைத்ததும் பனி விலகி வெயில் வந்தது என்றுகூடச் சேர்த்தேன். பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்கினேனே, அதே குரலில், ஓர் இடத்திலும் தடுக்காமல். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அன்றிலிருந்து அப்பா கஞ்சி கொண்டு வருகிறவரிடமும் நர்ஸ் செபமாலையம்மாவிடமும், எம் மகன் எனக்காக ரெண்டு மலையேறுனான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். தானும் குன்றாண்டார்கோவில் குன்றிலும் நார்த்தாமலையிலும் செருப்பில்லாமல் ஏறுவதாக வேண்டிக்கொண்டார். அப்பா அழக் கூடாது, அழுதால் புண் ஆறாது என்று செபமாலையம்மா சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்று சாயங்காலம் இந்தக் கடிதத்தில் முதலில் உள்ளதைச் சொல்லி முடித்துவிட்டு, நாளைக்குக் கட்ட அவுத்ததும் நல்ல கண்ணால மொதல்ல அவன் கடுதாசியத்தான் பாக்கணும், அந்தச் சாமி பேரு என்னன்னு நானே எழுத்துக் கூட்டிப் படிக்கப் போறேன் என்றார். கடிதத்தைக் காணவில்லை என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன், உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் அதையும் எழுதுகிறேன். பிறகு எல்லோரும் கேட்கும்படியே சொல்லிவிட்டேன்.

மணல் மூட்டை இருப்பதால் அப்பாவால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை, நான்தான் திருப்பிக்கொண்டேன். அப்ப மேல ஒண்ணுமே இல்லையா என்றார். கல்லு மட்டுந்தாம்ப்பா என்றேன். எனக்காக ஏறலையா என்றார். இல்லப்பா, சும்மாதான் என்றேன். சும்மா ஏறுறதுக்கு ரெண்டு மலையா, ஒண்ணு பத்தாதா என்றார் பிச்சைமுத்து. அப்பாவின் உதடு சிரிப்பதுபோல அசைந்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்று கேட்டேன். வேணாம், நான் சொன்னது நான் சொன்னதுதான், அது அவனுக்குப் போகட்டும், சும்மா ஏறுனாலும் தொணைக்கு ஒரு ஆளக் கூட்டிக்கிட்டு ஏறுன்னு மட்டும் சேத்து எழுது என்றார். என்னைத் திட்டவில்லை. இனிமே அவன் கடுதாசிய நீ படிக்க வேணாம்த்தா, எனக்குக் கண்ணு வந்துரும் என்று மட்டும் சொன்னார். ஆத்தா இன்னும் என் பக்கம் திரும்பவில்லை.

அப்பாவும் ஆத்தாவும் நீங்கள் நோய்நொடியில்லாமல் படிப்பை முடித்து வர மனதார ஆசீர்வதிக்கிறார்கள். மறக்காமல் ஒன்று செய்யுங்கள் அண்ணே, இனிமேல் அப்பா பெயருக்கே எழுதுங்கள், பெரிய எழுத்தாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
சொன்னவர் சிவசாமி,
எழுதியவள் சொர்ணம்.

கையெழுத்துப் போடும்போதே எட்டு மணியாகி வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள், இதை வராந்தா வெளிச்சத்தில் எழுதுகிறேன். வெளக்க அணச்சுட்டாங்களா என்று அப்பா கேட்டார். ஆமாப்பா என்றேன். கொஞ்சம் பொறுத்து, பிச்சைமுத்துவிடமும் அதையே கேட்டார்.