மேடையில் மூக்காயி

மணமேல்குடி,
14-2-1957

அன்புள்ள அந்தோணிமேரிக்கு,

மாதா அருளால் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகள் வேளாங்கண்ணிக்கு இருமல் நின்றதா?

ஞாயிறன்று மீனவர் குப்பத்தில் கட்சிக் கூட்டம். இரண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவே நிற்கிற சின்னக் கட்சி, கூட்டமும் சின்னதுதான். நான் பேசி முடித்ததும் மீன் விற்கும் மூக்காயி எழுந்தார். "எல்லாரும் சமமுன்னு சொல்றீங்க. மேடையில எங்காளு ஒருத்தரையும் காணோமே?"

கிறிஸ்தவர் ஓட்டுக்காகத்தானே என்னையும் மேடையில் ஏற்றுகிறார்கள்? என் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே குப்பத்தில் குடிதண்ணீர் இல்லாததைப் பேசினார். கூட்டம் அசையாமல் கேட்டது.

செயலாளருக்குக் கோபம். "நீங்க உங்க ஊரு ஆவூருக்கே போயிருங்க. உங்க ஆளுகளப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றார். சண்டை ஒன்றுமில்லை, பயப்படாதே.

உடம்பு அலுத்துக் கிடக்கிறது. வீட்டுக்கு வர நல்ல சாக்குதான். ஆனால் மறுநாள் காலையில் மூக்காயி பதினோரு பெண்களோடு வந்து, "கட்சியில எங்க பேரையும் எழுதிக்கங்க" என்றார். எழுதினேன். இங்கேயே இருக்கிறேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டாதே.

உன் தம்பி இந்தப் பக்கம் வந்தால் போர்வையும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பு. வேளாங்கண்ணியை ஒரு தாளில் ஏதாவது எழுதச் சொல். பிழை இருந்தாலும் திருத்தாதே.

தபால்காரர் வந்துவிட்டார். தேர்தல் முடிந்ததும் வருகிறேன். ஜெயிக்க மாட்டோம், அதனால் தாமதமாகாது.

உன்
மைக்கேல்சாமி