மூன்று பேர் சேர்ந்தால்

பிக்கெட்ஸ் பெண்ட், அலபாமா
ஆகஸ்ட், 1964

அன்புள்ள மருமகன் ஆல்ட்டனுக்கு, மாமன் கிளியோஃபஸ் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். டெட்ராய்ட்டில் உன்னையும் கர்த்தர் காக்கட்டும்.

இதெல்லாம் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். போன கோடையில் கோழி வறுவல் தின்றுகொண்டே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பை மட்டும் தாண்டியிருந்தால் இன்று நீதிபதி நாற்காலியில் நான்தான்.

நம் ஆட்கள் ஓட்டுப் பதிவுக்கு வரிசையில் நின்றார்களா, உடனே ஊர் நீதிபதி தடை போட்டுவிட்டார். கறுப்பர்கள் மூன்று பேர் கூடி ஓட்டைப் பற்றிப் பேசினால் சிறை. என் முடிதிருத்தும் கடையை நீ பார்க்க வேண்டும். நான் ஒருவன், நாற்காலியில் ஒருவன். மூன்றாவது ஆள் கதவைத் திறந்தால் நாற்காலிக்காரன் எழுந்து ஓடுகிறான். நம் தேவாலய டீக்கன் வெர்னல் ஒரு கன்னம் மட்டும் மழித்த முகத்தோடு ஊரெல்லாம் திரிந்தார். "ஏன்யா, இன்னொரு கன்னத்துக்கு மேல்முறையீடா?" என்றேன். அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினார்.

உன் அம்மா வாசலில் இரண்டு பெண்களோடு காராமணி உரித்துக்கொண்டிருந்தாள். ஷெரிப் வண்டியை நிறுத்தி, "என்னடி ஓசெல்லா, மூணு பேரும் என்ன பேச்சு?" என்றான். அவள் தலை நிமிராமல், "காராமணி உரிக்கிறோம் ஐயா. என்னைக்குப் பதியப் போறதுன்னும் பேசிக்கிறோம்" என்றாள். காராமணியோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குப் பொய் வராது. எங்கள் அப்பா அந்தத் திறமை முழுவதையும் எனக்கே கொடுத்துவிட்டார். நான் குறுக்கே பாய்ந்து சட்டம் பேசியதில் ஷெரிப்புக்கே வியர்த்துவிட்டது. ஆனாலும் அவளைப் பிடித்துக்கொண்டு போனான்.

இப்போது ஜாமீனில் இருக்கிறாள். வருகிற திங்கள் மாண்ட்கோமரியில், மத்திய நீதிமன்றத்தில், அந்தத் தடையை எதிர்த்துச் சாட்சி சொல்லப் போகிறாள். பெயர் வெளியே தெரிந்ததிலிருந்து எண் பலகையைத் துணியால் மூடிய லாரிகள் நம் வீட்டைத் தாண்டும்போது மெதுவாகப் போகின்றன. நம் நாய் குரைப்பதில்லை. அதை நான்தான் புதைத்தேன். உன் அம்மாவிடம் ஓடிப்போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

புறப்பட்டு வருவதாக எழுதியிருந்தாய். வராதேப்பா. மிச்சிகன் எண் பலகை வைத்த வண்டியில் ஒரு கறுப்பன் வந்தால், ஊருக்குள் நுழையவே விடமாட்டார்கள். இங்கே பயமில்லை. வாஷிங்டன் அரசாங்கம் நம் வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறது. ஒருவன் நெட்டையன், முகமெல்லாம் புள்ளி. உன் அம்மாவின் சோள ரொட்டி என்றால் உயிரை விடுகிறான். அவனுக்கு முடி வெட்டியதே நான்தான்.

உன் அம்மா கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு சாட்சியைச் சொல்லிப் பார்க்கிறாள். குரல் கேட்கிறது. ஒரு சொல்லும் பிசகவில்லை.

ஆல்ட்டன், வாஷிங்டன் ஆட்கள் வந்தது நிஜம். தொப்பியோடு வந்தார்கள், எல்லாம் எழுதிக்கொண்டார்கள். "யாராவது சுட வந்தா?" என்று கேட்டேன். "எழுதிக்கத்தான் எங்களுக்கு உத்தரவு. காவல் ஷெரிப்போட வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வாசலில் இரண்டு பேர் இல்லை. நெட்டையனும் இல்லை. அப்பாவின் பழைய துப்பாக்கியோடு நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதை மடியில் வைத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து இப்படிக் கோணுகிறது.

உங்கள் தொழிற்சங்கத்துக்கு வாஷிங்டனில் செல்வாக்கு உண்டு என்பாயே. அவர்கள் காலைப் பிடித்தாவது, திங்களுக்கு முன் என் பொய்யை மெய்யாக்கிக் கொடு.

கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். கொஞ்சம் எங்களோடும்.

உன் மாமன்,
கிளியோஃபஸ்