சீர்த்தட்டில் வைத்த லேப்டாப்

ஆனி 18, வியாழன்
விடிந்ததிலிருந்து மேற்கேயிருந்து கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண். திருப்பாலைக்குடியிலிருந்து ராமநாதபுரம் பஸ். வாங்க வேண்டியவை: தேங்காய், வெற்றிலை, கல்கண்டு, அக்கா மகள் செல்விக்கு லேப்டாப். ஞாயிறு அவளுக்கு நிச்சயம். தாய்மாமன் சீர் என் பொறுப்பு.

சேலை வேண்டாம் என்றுவிட்டாள். இணையத்தில் பாடம் நடத்தும் வேலை ஒன்று வந்திருக்கிறது. யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் மட்டும் ஓடும் லேப்டாப் வேண்டும் என்பது வேலை தருகிறவர்கள் நிபந்தனையாம். கம்பெனிக்காரன் பூட்டி வைத்த மென்பொருள் ஒன்றுகூடக் கூடாது. பழைய சாமான் கடையில் அவளே ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். பத்து வருடப் பழசு.

"அதுலதான் மாமா வைஃபை, சத்தம் எல்லாமே பூட்டு இல்லாம ஓடுது. வேற எதையும் வாங்கிறாதீங்க."

"ஏ ஆத்தா, கம்ப்யூட்டருக்கே பாடம் எடுத்தவன்டீ நான்."

(படித்தது எட்டாவது வரை. எங்கள் பள்ளியில் அப்போது கம்ப்யூட்டரே கிடையாது.)

அன்றே, மாலை
பார்த்தேன். மூடியில் கீறல். இரண்டு பொத்தானில் எழுத்து அழிந்திருந்தது. கால் மணி நேரம் கையிலேயே வைத்திருந்தேன். ராமேஸ்வரத்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இதையா வைப்பது? இன்னொருத்தர் புழங்கிய சாமானைச் சீர்த்தட்டில் வைத்த தாய்மாமன் எங்கள் பக்கம் உண்டா?

எதிர்க்கடையில் புதுசு. வெள்ளியாய் மின்னியது. நான் பேசியதைக் கேட்டுப் பத்துப் பேர் அசந்து நின்றார்கள். இரண்டு பேர்.

"கட்டற்ற மென்பொருள் ஓடுமாய்யா?"

"எல்லாம் ஓடும்ணே." அதையே வாங்கிவிட்டேன்.

ஆனி 21, ஞாயிறு
நிச்சயம். இருபத்தொரு தட்டு. நடுத்தட்டில் லேப்டாப், குங்குமப் பொட்டு வைத்து. மாப்பிள்ளையின் அம்மா: "தாய்மாமன்னா இப்படில்ல இருக்கணும்!" மதுரையில் ஏழு கடை சலித்து எடுத்ததாகச் சொன்னேன். செல்வி லேப்டாப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் காப்பி கொடுக்கப் போனாள்.

திங்கள்
செல்வி தன்னிடமிருந்த கட்டற்ற மென்பொருளை ஏற்றிப் பார்த்தாள். வைஃபை இல்லை. சத்தம் இல்லை.

"பூட்டுனத ஏத்துனா ஓடும் மாமா. அது இருக்கக் கூடாதுன்னுதான் அவுக சொல்லியிருக்காக."

"கடைக்காரப் பய ஏமாத்திப்புட்டான்."

புதன்கிழமை வேலை தருகிறவர்களுக்கு அவள் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

உடனே பஸ். பழைய சாமான் கடை.

"அதா? சனிக்கிழமையே போயிருச்சுண்ணே. அந்த மாடல் எப்பவாச்சும் ஒண்ணுதான் வரும்."

மூன்று கடை ஏறி இறங்கினேன். மெய்யாகவே மூன்று.

வியாழன்
வேலை வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. அக்காதான் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பத்து மணி வாக்கில் ராமேஸ்வரத்திலிருந்து செல்விக்குப் போன். மாப்பிள்ளையின் அம்மா. லேப்டாப் எப்படி என்று விசாரித்திருப்பார் போல. நான் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செல்வி என்னைப் பார்க்கவில்லை.

"நான் கேட்டதத்தான் மாமா வாங்கித் தந்தாக, அத்தை. வேலைதான், எனக்கே பிடிக்கலன்னு விட்டுட்டேன்."

ஊருக்கே கதை விட்டவன் நான். எனக்காக இன்னொருத்தர் விட்டது இதுதான் முதல் தடவை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.