வலக்கோடியில் நின்றவளுக்கு

கிடங்கு வாசலில் புதிதாக ஒரு கருவி மாட்டியிருக்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதற்கு முன்னால் போய் முகத்தைக் காட்டினால்தான் வருகை. இன்று காலை, தூசிக்காகத் தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போலப் போய் நின்றேன். சிவப்பு வெளிச்சம் வந்தது. காவலுக்கு நின்றவர், "அக்கா, துண்ட எடுங்க. மூஞ்சி தெரியணும்லா" என்றார். எடுத்தேன். பச்சை வெளிச்சம் வந்து, திரையில் 'செல்வி' என்று என் பெயர் விழுந்தது.

அவிழ்த்த துண்டு கையிலேயே இருந்தது. நீலக் கட்டம் போட்ட உன் துண்டு. உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உன் வீட்டுக்காரர் தருவைகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார். "வேலைக்குக் கட்டுறது. ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. எத்தனை முறை துவைத்தும் அதில் உரத்தின் காரவாடை போகவில்லை. இந்தத் துண்டுக்குள்தான் நீ ஒரு காலத்தில் செல்வியாக இருந்தாய். இந்தக் கருவி அன்றைக்கே வந்திருந்தால் நான் இன்று இந்த வாசலில் நின்றிருக்க மாட்டேன்.

நாம் முதன்முதலில் பேசிக்கொண்டதே சண்டையில்தான். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து இந்தத் துறைமுக ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஒப்பந்தக்காரர் மூலமாக அரசுக் கிடங்கில் பெருக்குகிற வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள். கப்பலில் வந்த உரமும் கோதுமையும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். லாரிகள் ஏற்றிக்கொண்டு போனபின் சிந்திக் கிடப்பதை நாம் வரிசையாக நின்று பின்சுவரிலிருந்து வாசல்வரை பெருக்கிக்கொண்டு வரவேண்டும். நான் விவரம் தெரியாமல் உனக்கு வலப்பக்கத்தில் நின்றுவிட்டேன். மற்றவர்கள் எல்லோரும் வலக்கையால் இடப்பக்கம் தள்ள, இடக்கைக்காரியான நீ வலப்பக்கம் தள்ளினாய். நீ தள்ளியது அத்தனையும் என் காலில் வந்து விழுந்தது. நான் திருப்பித் தள்ளினேன். நீ வாரியலை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"ஏளா, புதுசா வந்தவளே, அங்கிட்டுப் போய் நில்லு. இந்தச் செவுரு எனக்கு எழுதிக் குடுத்தது."

வரிசையின் வலக்கோடி, சுவரோரம் உன் இடம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் குவியலெல்லாம் இடப்பக்கம் சேர, உன் குவியல் மட்டும் தனியாகச் சுவரில் சாய்ந்து கிடக்கும். கூடையோடு அள்ள வருகிறவள் உனக்காக இன்னொரு நடை நடக்கவேண்டும் என்று திட்டுவாள். "மாதா ரெண்டு கையத் தந்தா. அதுல நல்லதா ஒண்ண நான் எடுத்துக்கிட்டேன்" என்று நீ சிரிப்பாய்.

நீதான் எங்கள் சங்கக் கிளையின் செயலாளர். வாயிற்கூட்டத்தில் நீ பேச ஆரம்பித்தால் துறைமுகச் சாலையில் போகிற லாரிக்காரர்கள்கூட வேகத்தைக் குறைப்பார்கள். ஆனால் எழுதச் சொன்னால் மட்டும் உனக்கு வேர்த்துவிடும். நான் பன்னிரண்டு வரை படித்தவள் என்பதால் மனு எழுதுவது என் வேலையானது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கூடும் வேப்பமரத்தடியில், நீ மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். 'பணிவுடன் வேண்டுகிறோம்' என்று ஒருமுறை எழுதிவிட்டேன்.

"பணிவாவது ஒண்ணாவது. குனிஞ்சு குனிஞ்சு பெருக்குததுல அதெல்லாம் காட்டியாச்சு. 'கேட்கிறோம்'னு போடுளா."

நிரந்தர வேலை, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். இந்த இரண்டையும் எத்தனை மனுக்களில் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. முத்திரை குத்தி வாங்கிவைப்பார்கள், அவ்வளவுதான். இன்றும் யாராவது 'பணிவுடன்' என்று எழுதக் கண்டால் என் கை தானாக அடிக்கப் போகிறது.

நான் பாப்பாவை வயிற்றில் வைத்திருந்தபோது கடைசி மாதத்தில் கால் இரண்டும் வீங்கிவிட்டது. பேறுகால விடுப்பெல்லாம் நிரந்தர ஆட்களுக்கு. ஒப்பந்தத்தில் இருப்பவள் பத்து நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எங்களுக்குள் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது, 'பேருக்கு நிக்கிறது' என்போம். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள் தங்கச்சியோ நாத்தனாரோ துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, சூப்பர்வைசர் பெயர் கூப்பிடும்போது அவளுக்காக 'உள்ளேன்' சொல்லிவிடுவாள். எனக்குத் தங்கச்சியும் இல்லை, நாத்தனாரும் இல்லை.

"நான் நிக்கேன்" என்றாய்.

"உன் பேருக்கு யாரு நிப்பா?"

"எனக்கு எதுக்கு ஆளு? சங்கச் செயலாளர் பேர அடிக்கணும்னா ஒப்பந்தக்காரனுக்குத் தொடை நடுங்கும். ஒன் பேர அடிக்க ஒரு பேனா போதும். போ, போய் நல்லபடியா பெத்துட்டு வா."

அப்போதுதான் ஒப்பந்தம் கைமாறி புது சூப்பர்வைசர் வந்திருந்தார். அவருக்கு எங்கள் பெயர்கள் தெரியும், முகம் ஒன்றும் தெரியாது. எழுபது நாள். எழுபது நாளும் என் பெயரைக் கூப்பிட்டபோது நீ 'உள்ளேன்' சொன்னாய். உன் பெயரைக் கூப்பிட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றாய். செயலாளரின் வீட்டுக்காரருக்குச் சுகமில்லை, அவள் ஊரோடு இருக்கிறாள் என்று சூப்பர்வைசரிடம் நீயே சொல்லிவைத்திருந்தாய். அதிகாரிகளோடு பேச்சுவார்த்தைக்கு வேறு ஆளை அனுப்பினாய். நீ சொன்னபடி உன் பெயரை யாரும் அடிக்கவில்லைதான். ஆனால் பதிவேட்டில் உன் பெயருக்கு எதிரே எழுபது கட்டங்கள் காலியாகக் கிடந்தன. நமக்கு அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

பாப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நிர்வாகம் இறங்கி வந்தது. மேலாளர் அறையில் நீண்ட மேசை. நீ, நான், சந்தனமாரி அக்கா மூவரும் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்தோம். பழைய பதிவேடுகளைப் பார்த்து, இடைவெளி இல்லாமல் வேலைக்கு வந்தவர்களை மட்டும் முதலில் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். பட்டியலை வாசித்தார்கள். பதினொரு பெயர். என் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை. "நீங்க எழுபது நாள் வரலையேம்மா" என்றார் அந்த அதிகாரி, கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

நான் எழுந்திருக்கப் போனேன். மேசைக்கு அடியில் உன் குதிகால் என் கட்டைவிரல் மேல் ஏறியது. எழவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. காலை எடுக்காமலே நீ பேனாவை வாங்கினாய், அந்த உடன்படிக்கையில் செயலாளர் என்ற இடத்தில் இடக்கையால் கையெழுத்துப் போட்டாய். அதற்குப் பிறகுதான் காலை எடுத்தாய்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நான் அழுதேன். நீ எரிந்து விழுந்தாய்.

"வாயத் தொறந்தேன்னா ஆள்மாறாட்டம்னு ஒன் பேரும் போவும், பதினொரு பேரு கதையும் கந்தலாவும். அடுத்த பட்டியல்ல நான் வந்துட்டுப் போறேன். எனக்கு என்ன, வயசா ஆயிட்டு?"

என் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. முளைத்த நகம் கோணலாகத்தான் முளைத்தது.

அதன்பிறகு நாம் ஒரே கிடங்குக்கு இரண்டு வாசல் வழியாகப் போனோம். ஒரே வாரியல், ஒரே வரிசை, ஒரே தூசி. ஆனால் எனக்கு அடையாள அட்டையும் குடியிருப்பில் ஒரு வீடும். உனக்கு வருஷம் மாறினால் மாறுகிற ஒப்பந்தக்காரர். என்னைக் கண்டால், "கவர்மெண்டு வாராவ, வழி விடுங்களா" என்று கேலி செய்வாய். எல்லோரும் சிரிப்பார்கள். உன் கேலி எனக்குச் சுடவில்லை, அவர்கள் சிரிப்புத்தான் சுட்டது. என் பெயருக்கு நின்றது நீ என்று நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன்; இவர்களுக்கு உண்மை தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். வேப்பமரத்தடிக்கு வருவதை நிறுத்தினேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிடங்கு உணவகத்துக்குப் பின்னால் தனியாகப் போய்ச் சாப்பிட்டேன். நீ இரண்டு மூன்று தரம் வந்து கூப்பிட்டாய். பிறகு கூப்பிடவில்லை.

அடுத்த பட்டியல் வரவேயில்லை. மனு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. சங்க அறையில் உட்கார்ந்து நீ சொல்ல நான் எழுதினேன். போன மழைக்காலத்தில் உனக்கு இருமல் நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது பேச மூச்சில்லாமல் கையைத்தான் ஆட்டினாய், அதுவும் இடக்கை. ஒப்பந்தத் தொழிலாளியாகவே போய்ச் சேர்ந்தாய்.

என் வீட்டுக்காரரும் இறந்து, பாப்பாவும் ஓசூருக்கு வேலைக்குப் போனபின் குடியிருப்பு வீட்டில் நான் மட்டும்தான். சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் வைத்த பாத்திரம் வைத்த இடத்திலேயே இருக்கும். தனியாக இருக்கிறேன் என்று பாப்பாவிடம் சொல்வதில்லை. உன்னிடம் சொல்கிறேன். தாங்க முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, தேநீர்க் கடை மாடியில் உள்ள நம் சங்க அறையில் கூட்டம். முகம் பார்க்கும் கருவி வரப்போவதைப் பற்றித்தான். உனக்குப் பிறகு வந்திருக்கிற செயலாளர் நல்ல தம்பி, வெளியூர்க்காரர், உழைப்பாளி. ஒப்பந்தப் பெண்களைப் பார்த்து, "இனிமே ஒரு நாள்கூட விடாம வாங்க. பழைய செயலாளரையே பாருங்க. ரெண்டு மாசத்துக்கு மேல சொல்லாம கொள்ளாம நின்னாங்க, அதுலதான் அவங்க பேரு விழாமப் போச்சு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பதிவேட்டில் இருந்ததைச் சொன்னார்.

எழுந்துவிட்டேன். இந்த முறை மிதிக்க உன் கால் இல்லை.

"அவ நிக்கல தம்பி. ஒரு நாள்கூட நிக்கல. எழுபது நாளும் எம்பேருக்கு நின்னா. எனக்குப் பிள்ளை பொறந்திருந்துச்சு. இந்த வேலை அவளோடது. எழுதிக்கோங்க. மேல அனுப்புனாலும் அனுப்புங்க."

என் வேலை போனது என்றுதான் நினைத்தேன். அதற்கு அப்பால், இவர்களெல்லாம் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். சந்தனமாரி அக்கா தன் இடத்திலிருந்தபடியே என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருளா செல்வி. என்னமோ புதுசாச் சொல்ல வந்துட்டா. மூஞ்சிய மூடுனா கை மாறிருமா? எழுபது நாளும் கோடியில நின்னு செவுத்துல குமிச்சது யாருன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?"

பழைய ஆட்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எல்லோரும்! சூப்பர்வைசர் பெயரைக் கூப்பிட்டார், குரலைக் கேட்டார், ஆனால் ஒருநாளும் குவியலைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இவர்கள்தான்.

"பொறவு ஏன் யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"அவதான் மாதா மேல சத்தியம் வாங்குனா. 'எல்லாத்துக்கும் தெரியும்னு செல்விக்குத் தெரிஞ்சா கூசிப் போவா, வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிருவா, யாரும் மூச்சு விடக்கூடாது'ன்னா. நீதான் எங்ககூட ஒக்காரவே மாட்டேன்னுட்ட. பெரிய உத்தியோகம், நம்மகூட என்னத்துக்குத் திங்கணும்னு நெனச்சோம்."

தம்பியைப் பார்த்து அக்கா, "பேனாவ மூடும். இவ வேலையும் போனா செத்தவ எதுக்குச் செஞ்சா?" என்றாள். அவர் கூட்ட நோட்டை மூடினார். அங்கே எழுதவிடாததைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு உன்மேல் கோபம். வேலையைக் கொடுத்தாய், சரி. உண்மையையும் என்னிடமிருந்து மறைத்துவைத்தாயே! ஊருக்கே தெரிந்த ஒன்றை நான் ஒருத்தி இத்தனை வருஷம் தனியாகப் பொத்தி வைத்துக்கொண்டு, உணவகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சோறு தின்றேன். அந்த வேப்பமரத்தடியில் எனக்கு ஓர் இடம் இருந்தது என்று உனக்குத் தெரியும். நீ கூப்பிட வந்ததெல்லாம் அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது. வரவில்லையே நான். கோபம் உன்மேல் என்று தொடங்கினேன், எழுத எழுத அது என்மேலேயே வந்து நிற்கிறது.

இன்று காலை பச்சை வெளிச்சம் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வரிசை கூடியது. நீ போனதிலிருந்து வலக்கோடியில் யாரும் நிற்பதில்லை; சுவரோரம் ஓர் ஆள் அகலம் சும்மா விட்டுவிட்டு, பெருக்கி முடித்தபின் யாராவது தனியாகப் போய்க் கூட்டுவார்கள். சுவரின் வெக்கைக்காக விடுகிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று நான் போய் அங்கே நின்றேன். சந்தனமாரி அக்கா பார்த்தாள். உன் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாரியலை இடக்கைக்கு மாற்றினேன். கோதுமை குவியவில்லை, நாலாபக்கமும் சிதறியது. அக்காவின் காலில் கொஞ்சம் போய் விழுந்தது. அவள் திருப்பித் தள்ளாமல் தன் பக்கத்துக் குவியலோடு சேர்த்துக்கொண்டாள்.

மதியம் வேப்பமரத்தடிக்குப் போனேன். நகர்ந்து இடம் விட்டார்கள். சேர்ந்து சாப்பிட்டோம். நாளைக்கும் அந்தச் சுவரோரத்தை இடக்கையால்தான் பெருக்கப் போகிறேன். மணிக்கட்டு இப்போதே வலிக்கிறது. எப்படித்தான் பெருக்கினாயோ.