கால் உடையாத யானைகள்

மகேசு, என் கண்ணு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் "நல்லா கீறேன்க்கா" என்றுதான் சொல்வாய். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோதும் அதைத்தான் சொன்னாய். அன்றே உன்னைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் நான்.

உன் முதல் திவசம் முடிந்துவிட்டது. உன் வீட்டுக்காரரே சமையல்காரரைப் பிடித்து, வாழைக்காய் முதல் எல்லாம் தானே வாங்கிவந்து, ஒரு குறையில்லாமல் செய்தார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுப்பு எப்போது வந்தது என்று அன்று முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் புத்தி உனக்குத் தெரியாததா?

நம் வகுப்பைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆரம்பித்தபோது நம் தெருவே சிரித்ததே, நினைவிருக்கிறதா? அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இரண்டு பேர் சேர்ந்து சமைத்தாலே சட்டி உடையும், இவர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தரப் போகிறார்களாம் என்று. நாம் முன்னறையில் பாய் விரித்தோம். ஐ.டி. கம்பெனிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஆட்டோக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து காகிதம் மடித்தார்கள், துணிக்குச் சாயம் போட்டார்கள், சனிக்கிழமையானால் மண் பொம்மை செய்தார்கள். நான் பெரிய டீச்சர், நீ சின்ன டீச்சர். செய்யூர்க்காரர் வீட்டு மருமகள்கள் என்பதைத் தவிர வேறு பெயரே இல்லாத நமக்கு அது எவ்வளவு இனித்தது!

சட்டம் போட்டது நான்தான். பிள்ளைகள் செய்ததில் பெரியவர்கள் யாரும் கை வைக்கக் கூடாது. கோணல் என்றால் கோணலாகவே வீட்டுக்குப் போகட்டும். ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றால் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து செய்து, பிள்ளையின் பெயரை ஒட்டி அனுப்புகிற ஊர் இது. அதனால் ஒவ்வொரு தாயையும் வாசலிலேயே நிறுத்திவைத்தேன். நீ எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாய்.

இப்போது கேள். நீ போனதிலிருந்து பொம்மைகளுக்குக் கால் நிற்பதில்லை. பிள்ளைகள் செய்து, ஈரத்துணி போட்டு மூடி, அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரம் வந்து துணியை எடுத்தால் யானையின் கால்கள் தனியாகக் கிடக்கின்றன, மாட்டுக்குத் தலை இல்லை. நிலா என்று ஒரு குட்டிப் பெண், நாய்க்குட்டியின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு வராது டீச்சர்" என்று போனவள் திரும்பி வரவில்லை. அவள் ஃப்ளாட்டுப் பிள்ளைகளும் அவளோடு நின்றுவிட்டார்கள். "சின்ன டீச்சர் இருந்தப்ப நல்லா இருந்திச்சு" என்று ஒரு அம்மா என் காதுபடவே சொன்னாள்.

உன் மச்சாண்டாருக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, இது போதாதா? "இன்னாத்துக்கு சந்திரா இந்த பேஜாரு? கூரியர் ஆபீஸ்காரன் முன்ரூம கேட்டுகினே கீறான். குடுத்துட்டு வூட்ல நிம்மதியா இரேன்" என்று தினமும் ஆரம்பித்துவிடுகிறார். பொங்கலுக்குள் முடிவு சொல்வதாகச் சொல்லி வாயை அடைத்திருந்தேன்.

முதலில் மண்ணைச் சந்தேகப்பட்டேன். மண் கொண்டுவருகிற அண்ணாத்தையிடம், மணல் கலக்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். "அதே ஏரி மண்ணுதாம்மா. வாணாம்னா வேற ஆளப் பாத்துக்கோ" என்று கோபித்துக்கொண்டு போனார். பிறகு உன் மச்சாண்டார் மேலேயே சந்தேகம் வந்தது. கூரியர்காரன் தரப்போகிற வாடகை மேல் உள்ள ஆசையில் அலமாரியைப் பிடித்து ஆட்டுகிறாரோ? ஒரு வாரம் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்படியும் கால் விழுந்தது. எதிர்வீட்டு டியூஷன்காரியை யோசித்தேன், பூனையை யோசித்தேன், ரயில் போகிற அதிர்வோ என்றும் யோசித்தேன். ரயில் நீ இருந்தபோதும்தானே ஓடியது?

மார்கழியில் வழக்கம்போலப் பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேனே பெரிதாக இருந்தது. அந்தப் பெரிய சிற்பப் பாறைக்கு முன்னால் எல்லாரும் யானையைப் பார்க்க, நான் ஒற்றைக்காலில் தவம் செய்கிற பூனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலிகள் அதைக் கும்பிடுகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்தப் பூனை மேல் நம்பிக்கை வந்ததில்லை.

யாழினியும் வந்திருந்தாள். நம்மிடம் சின்ன வயதிலிருந்து படித்தவள்; நீ போன பிறகு, அவள் அப்பாவுக்கு வேலை கிடைத்து, பக்கத்தில் கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குக் குடிபோய்விட்டார்கள். காலேஜில் சேர்ந்துவிட்டாள். கடற்கரையில் புளிச்சோறு சாப்பிடும்போது அவளிடம் கால் உடைகிற கதையைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. நான் விடுவேனா?

"இன்னாடி? சொல்லு."

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லன்னா ஏன் என்ன வுட்டுட்டு கடலப் பாக்குற?"

சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்து நான் மாடிக்குச் சமைக்கப் போனதும் நீ கதவைச் சாத்திக்கொள்வாயாம். ஒவ்வொரு பொம்மையாகக் கவிழ்த்து, காலும் தலையும் உடம்போடு சேருகிற இடத்தை ஈர்க்குச்சியால் கீறி, குழைத்த சேற்றைத் தடவி, கட்டைவிரலால் அழுத்திவிடுவாயாம். மேலே எதையும் தொடமாட்டாயாம், அடிப்பக்கத்தில் மட்டும். தண்ணீர் பாட்டிலை மறந்து திரும்பி வந்த ஒரு பிள்ளை இதைப் பார்த்திருக்கிறது. பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. "பெரிய டீச்சருக்குத் தெரிய வேணாம், மனசு கஷ்டப்படுவாங்க" என்று நீ அவர்களிடம் கெஞ்சினாயாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது மகேசு. ஊரையே சந்தேகப்பட்டவளுக்குச் சொந்த வீட்டு முன்னறையில் நடந்தது தெரியவில்லையே. வாசலில் நின்று அத்தனை தாய்மார்களிடமும் "முழுக்க முழுக்கப் பிள்ளைங்க கை" என்று பெருமையடித்தேனே, நீ பக்கத்தில்தானே நின்றாய்? உள்ளுக்குள் சிரித்தாயா? இல்லை, பாவம் என்று நினைத்தாயா?

கோபத்திலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. "அவ ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட ஒரு கால் விழலியே. அப்ப யாரு பண்ணது?" என்று கேட்டேன்.

யாழினி காலால் மணலைக் கிளறினாள். "நாங்கதான் டீச்சர். பாய் கழுவுறோம்னு சொல்லிட்டு இருப்போமே, அப்பதான். பெரிய பசங்க சின்னப் பசங்களோட பொம்மைய எடுத்துப் பண்ணுவோம். சின்ன டீச்சர் எங்களுக்குச் சொல்லியெல்லாம் தரல. பாத்துக் கத்துக்கிட்டோம்."

அப்புறம் பரீட்சை வந்தது, ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள், கால்கள் விழ ஆரம்பித்தன. பாய் கழுவ இவ்வளவு நேரமா என்று சந்தேகப்பட்டு அப்போது சோப்பை எடுத்து ஒளித்துவைத்தவள் நான்.

அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்று, யார் நிஜமாக அழுகிறார்கள், யார் சும்மா அழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. அதையும் சேர்த்து அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

போன சனிக்கிழமை ஒரு யானையை எல்லார் முன்னாலும் கவிழ்த்துப்போட்டு, கீறுவது எப்படி, சேறு தடவுவது எப்படி என்று காட்டினேன். என் சட்டம் அப்படியேதான் இருக்கிறது, பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. ஆனால் ஒரு பிள்ளை செய்ததை இன்னொரு பிள்ளை கவிழ்த்துப் பார்த்துச் சரிசெய்யலாம் என்று சேர்த்திருக்கிறேன். நிலாவின் வீட்டுக்கும் போய்க் கூப்பிட்டேன். "பாக்கலாம் மேடம்" என்றாள் அவள் அம்மா. எனக்கு அந்தக் குரலில் நம்பிக்கையில்லை. ஆனால் நிலா கதவுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முன்னறை காலி இல்லை என்று உன் மச்சாண்டாரிடமும் சொல்லிவிட்டேன். "செரி, வுடு" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு உதைக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் மகேசு. இனி சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், அறையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நான் மேலே போய்விடுவேன். யார் யாருடைய பொம்மையைத் தொடுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க மாட்டேன். எத்தனையோ கைவேலை சொல்லித்தந்தேன், நம்பிவிட்டுப் பேசாமல் இருக்கிற வேலை மட்டும் எனக்கு வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொள்கிறேன்.

உன் ஒருத்தியிடம் மட்டும் ஏமாந்த,
உன் ஓரகத்தி,
சந்திரா அக்கா